குட்டி யானையின் தாகம்

மனிதன் படுத்துவிட்டால் ஒரு வைத்தியரை அழைக்கிறோம். லாரி படுத்துவிட்டாலோ, வழியில் போகிறவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "பம்பு போய்விட்டது" என்கிறார். சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொருவர், "நாஸில் அடைப்பு, சந்தேகமே இல்லை" என்கிறார். மூன்றாவது ஆசாமி, தம்முடைய மைத்துனர் லாரிக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்றும், கடைசியில் எஞ்சினையே இறக்க வேண்டியதாயிற்று என்றும் சாங்கோபாங்கமாக வர்ணிக்கிறார். லாரிக்காரர் இத்தனை சிகிச்சைகளையும் காதில் வாங்கிக்கொண்டு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொள்கிறார். அநேகமாக அவர் ஆரம்பிக்கிற இடம், இருப்பவற்றிலெல்லாம் அதிகச் செலவு பிடிக்கிற இடமாகவே இருக்கிறது.

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் சிறிது நேரம் நின்று பார்த்தால், இந்தச் சிறு லாரிகளை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது தெரியும். வெள்ளாற்றங்கரைக் கிராமங்களின் நெல்லும் கரும்பும், விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பீங்கான் பொம்மைகளும் அகல்களும், வைக்கோலில் பொதிந்த ஜாடிகளும் இவற்றில்தான் ஏறி இறங்குகின்றன. 2005-ஆம் வருஷம் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' என்ற சிறு லாரியை வெளியிட்டார்கள். இரண்டே சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர், 16 குதிரைச் சக்தி கொண்ட டீசல் எஞ்சின். தமிழ் நாட்டார் அதைப் பார்த்தவுடனே 'குட்டி யானை' என்று பெயரிட்டுவிட்டார்கள். இப்போது அந்தப் பெயர், எந்தக் கம்பெனி வண்டியானாலும், அந்த ஜாதி முழுவதற்குமே பொதுவாகிவிட்டது. முதலில் வந்த குட்டிகள் எல்லாம் இருபது வயதை எட்டிக் கிழடு தட்டிவிட்டன. வயதான யானைக்கு வருகிற வியாதிகளில் முதன்மையானது தாகம். டாங்கியில் டீசல் இருக்கும். எஞ்சினுக்குப் போய்ச் சேராது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

இதைச் சொல்வதற்குப் பெண்ணாடத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் கிடைக்காது. சிவஞான போதம் அருளிய மெய்கண்டார் அவதரித்த ஊர் அது. உண்மையை அறிவதற்குக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகள் உண்டு என்பது சைவ சித்தாந்திகள் கொள்கை. கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். பெரியோர் சொல்லை நம்புவது உரை. கருதலுக்கு நம் தர்க்க சாஸ்திரிகள் காட்டுகிற நித்திய உதாரணம், மலையிலே புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று அறிவது. லாரி வைத்தியமும் புகையிலிருந்துதான் ஆரம்பமாகிறது! சாலையோர வைத்தியர்களிடம் உள்ள குறை என்னவென்றால், அவர்கள் முதல் இரண்டு அளவைகளையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த உரையும் மைத்துனர் உரை!

முதலில், டீசல் எந்த வழியாகப் பிரயாணம் செய்கிறது என்று பார்த்துக்கொள்வோம். டாங்கியின் அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் வலை. அந்தக் குழாய் மேலே வந்து, சட்டத்தை ஒட்டிக்கொண்டு ஓடி, எஞ்சின் பக்கத்திலுள்ள ஃபீட் பம்பை அடைகிறது. ஃபீட் பம்பு டீசலை உறிஞ்சி, பில்டர் வழியாகத் தள்ளிவிடுகிறது. பில்டரில் தூசும் தண்ணீரும் தங்கிவிட, சுத்தமான டீசல் பெரிய பம்புக்குப் போகிறது. பெரிய பம்புதான் அதை அளந்து, அழுத்தி, இரும்புக் குழாய்கள் மூலமாக நாஸில்களுக்கு அனுப்புகிறது. நாஸில் அதைப் பனிப்படலம்போல் சிதறடிக்கிறது. உபயோகமாகாத டீசல் இன்னொரு குழாய் வழியாக டாங்கிக்கே திரும்பி வருகிறது. வண்டிக்கு வண்டி சில்லறை வித்தியாசங்கள் உண்டு. சிலவற்றில் ஃபீட் பம்பும் பெரிய பம்பும் ஒரே கூட்டுக்குள் குடித்தனம் செய்கின்றன. ஆனாலும் வழி இதுதான்.

இந்த வழியை மூன்று பேட்டைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டாங்கியிலிருந்து ஃபீட் பம்பு வரையில் உறிஞ்சுகிற பேட்டை. ஃபீட் பம்பிலிருந்து பெரிய பம்பு வரையில் மெதுவாகத் தள்ளுகிற பேட்டை. அங்கிருந்து நாஸில் வரையில் மகா அழுத்தப் பேட்டை. ஒவ்வொன்றின் குணமும் வேறு. தள்ளுகிற பேட்டையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பேட்டையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். குழாய் வறண்டு சுத்தமாக இருக்கும், பார்க்கிறவர்கள், "இங்கே ஒரு கசிவும் இல்லையே!" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடுவார்கள். எத்தனையோ நல்ல பம்புகள் அநியாயமாகக் கழற்றப்பட்டதற்குக் காரணம் இந்த வறண்ட ஓட்டையே.

வண்டிக்கு எண்ணெய் போய்ச் சேராத சங்கடம் மோட்டார் வண்டி தோன்றிய நாளிலேயே உடன்பிறந்தது. போர்டு கம்பெனியாரின் பிரசித்தி பெற்ற 'டி' மாடல் காருக்குப் பெட்ரோல் பம்பே கிடையாது. ஆசனத்தின் கீழே டாங்கி. அதிலிருந்து பெட்ரோல் தானாகவே தாழ்ந்த இடத்துக்கு வழிந்து கார்ப்புரேட்டருக்குப் போகும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது முன்பக்கம் உயர்ந்துவிடுமல்லவா? டாங்கியிலும் பெட்ரோல் குறைவாக இருந்துவிட்டால், கார்ப்புரேட்டர் மேலே, பெட்ரோல் கீழே! வண்டி நின்றுவிடும். அக்காலத்து ஓட்டுநர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். வண்டியைத் திருப்பி, மேட்டில் பின்புறமாகவே ஏறினார்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எண்ணெய் வரும் வழியை அறிந்தவன் செய்கிற காரியம் அது.

நம்முடைய தேசத்தில் இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது பஸ்களின் பின்னால் கரியடுப்பைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவினால் ஓட்டினார்கள். மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் ஸ்தாபனத்தாரே அத்தகைய கரிவாயு யந்திரங்களைச் செய்து கொடுத்தார்கள். பெரியவர்கள் இன்றும் அந்தப் பஸ்களின் கதையைச் சொல்வதுண்டு: விடியற்காலையில் கிளீனர் காற்றுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அடுப்பை மூட்டுவதும், மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும்! அங்கேயும் வியாதி ஒன்றே. கரியின் சாம்பலும் கீலும் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், வாயு போகாது, பஸ் நிற்கும். எரிபொருள் மாறினாலும் அடைப்பு மாறவில்லை. பிற்பாடு வெயில் காலத்தில் அம்பாஸடர் கார்களின் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு போனார்களே, அதுவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை மறித்துக்கொள்ளும். ஈரத் துணி அதைக் குளிர்விக்கும். டீசல் அவ்வளவு சுலபமாக ஆவியாகிவிடாதாகையால் டீசல் வண்டிக்கு அந்தத் துணி வேண்டியதில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தினால் சிலர் கட்டிவிடுகிறார்கள்!

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் இறுக்கினால் அது தானே பழுக்கக் காய்ந்துவிடும். அதில் எண்ணெயைத் தூவினால் பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை நடத்திக் காட்டினார். ஆனால் அவ்வளவு இறுக்கமான காற்றுக்குள்ளே சரியான அளவு எண்ணெயைச் சரியான க்ஷணத்தில் புகுத்துவது எப்படி? அவர் அழுத்தமான காற்றைக்கொண்டு எண்ணெயை ஊதினார். அதற்குப் பெரிய கம்ப்ரஸர் ஒன்று வேண்டியிருந்தது. அதைச் சுமந்துகொண்டு லாரி ஓடுமா? ராபர்ட் போஷ் கம்பெனியார் 1927-இல் சிறிய பம்பு ஒன்றை ஏராளமாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் லாரிக்குள் சுகமாகக் குடியேறிற்று. நம் நாட்டில் 1951-இல் ஸ்தாபிக்கப்பட்ட மைகோ கம்பெனியார் பெங்களூரில் இந்தப் பம்புகளைச் செய்யலானார்கள். 2008-இல் அந்தக் கம்பெனிக்குப் பெயர் போஷ் என்று மாறிவிட்டது. பட்டறைகளிலோ 'மைகோ பம்பு' என்ற பெயர் இன்னும் மாறவில்லை.

அந்தப் பம்புக்குள்ளே இருக்கும் உருளைக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. அதாவது தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்குத் தனியாக மசகு எண்ணெய் இடுவதில்லை. ஓடுகிற டீசலே மசகு. டீசலோடு தண்ணீர் வந்தாலும், மண் வந்தாலும், மண்ணெண்ணெய் கலந்து வந்தாலும் பம்பு தேய்ந்து போவதற்கு இதுவே காரணம். நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றினார்களே, அது அழகுக்காக அல்ல. கலப்படத்தைக் காட்டிக் கொடுப்பதற்காக. இவ்வளவு நுட்பமான சாதனத்தைச் சாலை ஓரத்தில், புழுதியில், ஒரு ஸ்பானரும் கந்தல் துணியும் வைத்துக்கொண்டு திறப்பது கொலை பாதகம் என்றே சொல்லலாம்.

சரி, பெண்ணாடத்து லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி வண்டி என்பது அவசியமில்லை. சொந்தக்காரரே ஓட்டுநர். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. விருத்தாசலத்தில் அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டு வெளியூருக்குப் போக வேண்டும். தீபம் கழிந்த மறுநாள் அந்த அகல்களை யார் வாங்குவார்கள்? வண்டியோ, காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. ஏழெட்டு மைல் ஓடியதும் இழுவை குறைகிறது. முக்கி முனகி நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தால் மறுபடி கிளம்புகிறது. மறுபடி ஏழெட்டு மைல். பிரளய வெள்ளத்தையே தடுத்து நிறுத்திய நந்தி எழுந்தருளியிருக்கும் ஊர். குட்டி யானையை நிறுத்துவது பிரமாதமா என்று ஊர்க்காரர்கள் பரிகாசம் செய்கிறார்கள். லாரிக்காரர், பம்பைக் கழற்றிவிடுவது என்ற தீர்மானத்தோடு மேஸ்திரியிடம் வருகிறார்.

"அண்ணே, பம்பு போயிடுச்சுங்க. கழட்டிடலாங்களா?"

"டாங்கி மூடியைத் திறந்து பார்த்தியா, தம்பி?"

"டீசல் நேத்துதாண்ணே போட்டேன். பாதிக்கு மேலே இருக்குது."

"டீசல் இருக்குதான்னு கேட்கலே. வண்டி நின்ன உடனே மூடியைத் திறந்தியா? புஸ்ஸுன்னு சத்தம் கேட்டுதா?"

மேஸ்திரி கேட்ட கேள்வியில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. டாங்கியிலிருந்து டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்தில் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலோ, பக்கத்திலோ ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். புழுதி அதை அடைத்துவிட்டால், டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். இளநீரில் வாயை இறுக்கி வைத்து உறிஞ்சினால் ஒரு நிலைக்கு மேல் வராதல்லவா? அதே கதைதான். வண்டி நின்ற பிறகு காற்று எப்படியோ மெல்ல மெல்ல உள்ளே கசிந்துவிடுகிறது. வண்டி மறுபடி கிளம்புகிறது. நின்றவுடன் மூடியைத் திருகினால், காற்று சீறிக்கொண்டு உள்ளே பாயும். அந்தச் சீறல் கேட்டுவிட்டால் வைத்தியம் முடிந்தது. துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும். இதற்குப் பீஸ் வாங்கவும் மேஸ்திரிக்கு வெட்கமாக இருக்கும்.

சீறல் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினாலும் அதே ஏழெட்டு மைல்தான். அப்போது அடுத்த சந்தேகம், டாங்கிக்குள் ஏதோ மிதக்கிறது என்பது. பாலிதீன் துண்டு, கந்தல் நூல், காய்ந்த இலை, எதுவானாலும் சரி. எஞ்சின் ஓடும்போது அது உறிஞ்சப்பட்டு வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் பிடி தளர்ந்து கீழே விழுந்துவிடும். லக்ஷணம் அடைத்த மூடிக்கு உள்ளது போலவேதான்; ஆனால் மூடியைத் திறந்தால் குணமாகாது. குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றி, டாங்கியை நோக்கி மெதுவாக ஊதிப் பார்க்க வேண்டும். டாங்கிக்குள் 'களக் களக்' என்று தாராளமாகக் குமிழிச் சத்தம் கேட்டால் வழி சுத்தம். கஷ்டப்பட்டு ஊதி, திடீரென்று விட்டுக்கொடுத்து, பிறகு வண்டி சிறிது தூரம் நன்றாக ஓடினால் குற்றவாளி டாங்கிக்குள் இருக்கிறான். டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். காலி டாங்கி அபாயமில்லாதது என்று யாரும் நினைக்கக் கூடாது. நிறைந்த டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கியே பயங்கரமானது. அதன் அருகே பீடியும் ஆகாது, வெல்டிங்கும் ஆகாது.

இன்னொரு வினோதமான வியாதி உண்டு. டாங்கி நிறைந்திருக்கும்போது வண்டி ராஜநடை போடும். பாதிக்குக் கீழே போனதும் இருமத் தொடங்கும். டீசல் போட்டால் உடனே சொஸ்தம். பங்கில் நல்ல டீசல் போட்டார்கள் என்று லாரிக்காரர் மகிழ்ந்து போவார். உண்மை என்னவென்றால், டாங்கிக்குள் இறங்கும் குழாயின் நடுவில் விரிசல். டீசல் விரிசலுக்கு மேலே இருக்கிற வரையில் விரிசல் வழியாகவும் டீசலே போகும். கீழே இறங்கியதும் காற்று போகும். இந்த ஒரு நோயை மட்டும் எத்தனை தடவை பில்டர் மாற்றினாலும் தீர்க்க முடியாது.

மூடி, டாங்கி, குழாய் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவதற்குப் பதிலாக, ஒரே அடியில் தேசத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிற சோதனை ஒன்று இருக்கிறது. கைதேர்ந்த மேஸ்திரிகள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஐந்து லிட்டர் டப்பா ஒன்றில் சுத்தமான டீசலை நிரப்பி, எஞ்சினுக்குச் சிறிது மேலே, ஆடாமல், சூடான புகைக்குழாய்க்கு எட்டத்தில் கட்டி வைக்க வேண்டும். ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து புதிய ரப்பர் குழாய் ஒன்றைக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் குழாயையும் டப்பாவிலேயே விட வேண்டும். இல்லாவிட்டால் டப்பா சீக்கிரமே காலியாகிவிடும். இப்போது வண்டியை லோடோடு ஓட்டிப் பார்க்கலாம். நிற்காமல் ஓடினால், பம்பு, பில்டர், நாஸில் எல்லாம் நிரபராதிகள். குற்றம் டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில். நின்றுவிட்டால், டாங்கிப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பழைய டீசல் வண்டிக்குத்தான் இந்தச் சோதனை. பெட்ரோல் வண்டியில் ஒருபோதும் செய்யலாகாது; பெட்ரோல் ஆவி நெருப்பைத் தேடிக்கொண்டு போகும்.

காற்று எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் இப்படியே ஒரு சோதனை. ஒரு முழம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் இருந்தால் போதும். பெரிய பம்புக்குப் போகும் குழாயின் நடுவே அதை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டீசல் தெளிந்த நீர்போல் ஓடினால் காற்று இல்லை. குமிழிகள் அணிவகுத்துப் போனால் காற்று முன்னாலேயே எங்கோ நுழைந்திருக்கிறது. குழாயை அங்கிருந்து எடுத்து, பில்டருக்கு முன்னால் வைக்க வேண்டும்; பிறகு ஃபீட் பம்புக்கு முன்னால்; இப்படி டாங்கியை நோக்கி இணைப்பு இணைப்பாகப் பின்வாங்க வேண்டும். எந்த இடத்தில் குமிழி மறைகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில் ஓட்டை. காட்சி அளவை என்றால் இதுதான்!

ஓட்டையின் காரணங்களோ அற்ப சொற்பமானவை. வெயிலில் வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், பலதடவை இறுக்கி இறுக்கிச் சப்பையாகிப் போன செம்பு வாஷர். புதிய பில்டர் போட்ட மறுநாளே வண்டி நின்றால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் மேல்மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் புது வளையமும் சேர்ந்துகொண்டால் இரண்டு வளையங்களுக்கு நடுவே காற்று புகும். செம்பு வாஷருக்கு வழியில் மாற்றுக் கிடைக்காவிட்டால், அதை டாங்கியிலிருந்து எட்டப் போய் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். ஆபத்துக்குப் பாவமில்லை, ஆனால் ஊர் திரும்பியதும் புதிது போட்டுவிடுவது உத்தமம்.

எல்லா வண்டியும் ஓடி நிற்பதில்லை. சில வண்டிகள் காலையில் எழுந்திருக்கவே மறுக்கும். செல்ப் அடித்துக்கொண்டே இருந்தால் பாட்டரிதான் இறங்குகிறது. இங்கே புகை சாட்சி சொல்லும். எஞ்சின் சுற்றும்போது புகைக்குழாயில் புகையே வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அது ஹீட்டர் பிளக்கின் குற்றமாகவோ, எஞ்சினின் அழுத்தம் குறைந்ததாகவோ, பாட்டரி சோர்ந்து மெதுவாகச் சுற்றுவதாகவோ இருக்கலாம். அதற்காக எண்ணெய் வழியைக் குடைவது வீண். ஓடும் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு இழுக்காமல் போனால் பெரும்பாலும் டீசல் குறைவு அல்ல, காற்றுக் குறைவு. ஏர் பில்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் நாஸிலைப் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் அதுதான் உண்மையான தாகம்.

புகை வராத வண்டியில் பில்டரைத் தொடுவதற்கு முன்னால், எஞ்சினை நிறுத்துகிற சாதனம் நிறுத்தின நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். சில வண்டிகளில் அது ஒரு கம்பி. சிலவற்றில் மின்சார வால்வு. சாவியைத் திருப்பும்போது வால்வு 'டிக்' என்று சத்தமிட வேண்டும். சத்தமில்லாவிட்டால் ஒயரையும் பியூஸையும் பார்க்க வேண்டும். ஒரு பியூஸுக்காக எஞ்சினையே சந்தேகிக்கிற நிகழ்ச்சிகள் மோட்டார் உலகத்தில் அபூர்வமல்ல.

இரவெல்லாம் நின்ற வண்டி மட்டும் கஷ்டப்பட்டுக் கிளம்பி, அப்புறம் நாள் முழுவதும் நன்றாக ஓடினால், டீசல் இரவில் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடுகிறது என்று அர்த்தம். எங்கோ ஒரு சிறு துவாரம் காற்றை அனுமதிக்கிறது. அல்லது டீசல் பின்வாங்காமல் தடுக்கும் வால்வில் தூசு உட்கார்ந்திருக்கிறது. காலையில் செல்ப் அடிக்கும் முன்பு கை பம்பை இருபது முப்பது தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தம் கெட்டிப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பிவிட்டால் நோய் உறுதியாயிற்று. கை பம்பு எவ்வளவு அழுத்தினாலும் கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருந்தால் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காலம் வந்தால் தண்ணீர். பாதி டாங்கியோடு இரவில் நிறுத்தினால், மேலே உள்ள ஈரக் காற்று குளிர்ந்து உட்சுவரில் வியர்த்து, துளித் துளியாக அடியில் சேர்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமாகையால் அடியிலேயே தங்கும். குழாயும் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது! அது மட்டுமன்று. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற எல்லையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி, பழுப்பு நிறத்தில் வழவழப்பான பாசியைப் பெருக்குகின்றன. அந்தப் பாசி பில்டரின் காகிதத்தைச் சாந்து பூசியதுபோல் அடைத்துவிடும். வாராவாரம் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், சற்று நேரத்தில் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் வருகிற வரையில் வடித்துவிட வேண்டும். மாலையில் டாங்கியை நிறைத்து நிறுத்துகிற வழக்கத்தின் காரணமும் இதுதான். ஆனால் அன்றன்று கிடைக்கும் வாடகையில் அன்றன்றைக்கு டீசல் போடுகிறவர்களிடம் டாங்கியை நிறைத்து வையுங்கள் என்று சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர்களால் முடிவது, வாரம் ஒரு தடவை அந்தத் திருகைத் தளர்த்துவது. அதற்குக் காசு செலவில்லை.

பில்டர் மாற்றியதும், குழாய் மாற்றியதும், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கை பம்பை அழுத்தினால் முதலில் நுரை வரும். பிறகு நுரையில்லாத டீசல் வரும். அப்போது அழுத்திக்கொண்டே திருகை முடுக்க வேண்டும். அடுத்தபடி பெரிய பம்பின் திருகில் இதையே செய்ய வேண்டும். டாங்கிப் பக்கத்திலிருந்து நாஸில் பக்கம் போவதே முறை. தலைகீழாகச் செய்தால் சுத்தம் செய்த இடத்துக்கே காற்று மறுபடி வந்து சேரும்.

இவ்வளவும் செய்தும் வண்டி ஒரு காலால் நொண்டினால், மூன்றாவது பேட்டைக்கு வர வேண்டியதுதான். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு நாஸிலின் நட்டையும் சிறிது தளர்த்திப் பார்ப்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் மாறும். ஏற்கெனவே செத்த சிலிண்டரைத் தளர்த்தினால் மாறாது. இரண்டு சிலிண்டர் வண்டியில் நல்லதைத் தளர்த்தினால் எஞ்சினே நின்றுவிடும். அதுவும் ஒரு விடைதான். பிறகு இரண்டு நாஸில்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும். நோய் நாஸிலோடு கூடவே போனால் நாஸில் கெட்டது. பழைய இடத்திலேயே இருந்தால் பம்போ எஞ்சினோ கெட்டது. இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் 'பம்பு' என்ற வார்த்தையை உச்சரிக்கலாம். அப்போதும் கழற்றிக் கொண்டு போக வேண்டிய இடம், பம்பை மேடையில் ஏற்றி ஓட்டி அளந்து பார்க்கும் சாதனம் உள்ள பட்டறை.

நட்டைத் தளர்த்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் குழாயில் ஓடும் டீசலின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்டது. ஊசி முனைபோல் பீய்ச்சும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே தெரிவது கொசு கடித்த அளவு புள்ளிதான். வலியும் முதலில் அதிகம் இராது. ஆகையால், "இது ஒரு காயமா?" என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்துக்குள் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையே எடுக்க நேரிட்டவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்காமல், அந்த க்ஷணமே அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே புகுந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்கு விரலை உபயோகிக்கவே கூடாது. ஓர் அட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்தால் ஈரம் பட்டுத் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

காமன் ரெயில் என்ற முறை வந்திருக்கும் புதிய வண்டிகளில் அழுத்தம் ஆயிரம் கிலோவையும் தாண்டுகிறது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி. எஸ். 6 விதிகளுக்குப் பின் செய்யப்படும் டீசல் வண்டிகள் அந்த ரகம். அவற்றில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வித்தை அடியோடு கூடாது. அவற்றுக்கு நாடி பார்க்கிற கம்ப்யூட்டர் பெட்டி வேறு. ஆனால் அவற்றின் டாங்கிக்கும் மூடியில் துவாரம் வேண்டும். அவற்றின் குழாயிலும் கிளிப்புகள் உண்டு. தண்ணீர் அவற்றின் அடியிலும் தங்கும்.